மெமோவா, கனிவா? நூற்பாலையில் எழுந்த ஒரு பிணக்கு பற்றிய கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியின் சாரம் இது: “நூற்பாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு வயது 27. என் பிரிவில் இருக்கும் மூத்த ஃபிட்டருக்கு 53. நான் சொல்லும் வேலையை எல்லோர் முன்னிலையிலும் ‘அதெல்லாம் ஆகாது’ என்று தட்டிவிடுகிறார். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று மணி நேரம் இழுக்கிறது. மேலதிகாரி என்ற முறையில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், எந்த இடத்திலும் இறங்கிப் போகவில்லை. மேலாளர் ‘மெமோ கொடு’ என்கிறார். அம்மா ‘பெரியவரிடம் தன்மையாகப் போ’ என்கிறார். தன்மையாகப் போனால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ள மாட்டாரா?”

கோவை வட்டாரத்து ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலராகவும் பின்னர் பணியாளர் பிரிவிலும் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் மேலாளர் சொல்வதும் உங்கள் அம்மா சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வேலையில் விட்டுக்கொடுப்பது வேறு, வேலை செய்கிற மனிதரிடம் கனிவாக இருப்பது வேறு. முன்னதைச் செய்தால் நீங்கள் அஞ்சுகிறபடி தலைமேல் ஏறத்தான் செய்வார்கள். பின்னதைச் செய்தவரின் தலைமேல் யாரும் ஏறி நான் பார்த்ததில்லை.

திருக்குறளை நீதிப் பாடமாகவே படித்துப் பழகியதால், அது அமைந்திருக்கும் வரிசையை நாம் கவனிப்பதில்லை. அன்புடைமையும் இனியவைகூறலும் பொறையுடைமையும் அறத்துப்பாலில் வருகின்றன. ஆனால் இரக்கத்தைப் பேசுகிற கண்ணோட்டம் என்ற 58-ஆம் அதிகாரம் பொருட்பாலில், ஆட்சி செய்பவனுக்குச் சொல்லும் பகுதியில், செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை ஆகியவற்றைத் தொடர்ந்து, ஒற்றாடலுக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணோட்டம் என்றால் இன்று ‘பார்வைக் கோணம்’ என்றே புரிந்துகொள்கிறோம். வள்ளுவர் காலத்தில் அது, ஒருவரைப் பார்த்ததும் கண் அவர்பால் ஓடி மனம் இளகுவதைக் குறித்த சொல். அந்த அதிகாரத்தில் “கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்” என்று ஒரு தொடர் வருகிறது. வேலை கெடாமல் இரக்கம் காட்டத் தெரிந்தவர் என்பது அதன் பொருள். ‘வல்லார்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இது இயல்பாக வாய்த்துவிடுகிற நல்ல குணம் மட்டுமன்று, கற்றுக்கொண்டு தேர வேண்டிய திறமை என்கிறார். ஆலை நிர்வாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டலை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

அந்தத் திறமையை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் ஒரு ஃபிட்டர்தான். 1994-இல் நான் வேலை பார்த்த ஆலையில், இரண்டாம் ஷிப்ட் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, மூத்த ஃபிட்டர் ஒருவர் இளம் சூப்பர்வைசரின் காலடியில் ஸ்பேனரை எறிந்துவிட்டு “நீயே மாட்டிக்கோ” என்று சொல்லிவிட்டார். நூற்பு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளர்களான சைடர்கள் ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகார் அலுவலகத்துக்கு வந்ததும் சார்ஜ் ஷீட், அதாவது விளக்கம் கேட்கும் குற்றச்சாட்டுக் கடிதம், கொடுக்கச் சொல்லி உத்தரவாயிற்று. தட்டச்சு செய்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் கீழே இறங்கிப் போனேன். அந்த ஃபிட்டர் ஒன்பதாம் பிரேமுக்கு, அதாவது ஒன்பதாம் எண் நூற்பு இயந்திரத்துக்கு, பக்கத்தில், நூற்கண்டுகளை எடுத்துப் போடும் டாஃபிங் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, பனியன் வேஸ்ட்டால் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏனென்று தெரியவில்லை, தாளை எடுக்காமல், “ஒன்பதுல என்னங்ணா ஆச்சு?” என்று கேட்டேன். வெகுநேரம் பதிலே இல்லை. பிறகு டூல்ஸ் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்த நீளவாக்கு நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பக்கத்துக்கு ஒரு பிரேம். தேதி, ஓடும் கவுண்ட் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்), போட்டிருக்கும் டிராவலர் எண், அன்றைக்கு இழை எப்படி அறுந்தது என்று சைடர்கள் சொன்னது, எல்லாம் பால்பாயிண்ட் பேனாவால் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தன. வளையத்தில் சுற்றிவரும் அந்தச் சிறிய டிராவலரின் எடை கூடினால் நூலின் இழுவிசை கூடும், அளவு மீறினால் இழை அடிக்கடி அறும். ஒன்பதாம் பிரேமில் வழக்கத்தைவிடக் கனமான டிராவலரை மாட்டச் சொல்லியிருக்கிறார் சூப்பர்வைசர். முந்தைய நாளே இவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். “எனக்குத் தெரியும்” என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. மறுநாள் அறுந்த இழைகளை ஒட்டியே சைடர்கள் ஓய்ந்துபோனார்கள். அடுத்த பிரேமிலும் அதையே மாட்டச் சொன்னபோதுதான் ஸ்பேனர் பறந்தது. “எறிஞ்சது தப்புதானுங்க. ஆனா அந்தப் பசங்க தண்ணி குடிக்கக்கூட நிக்காம ஓடுறானுங்க, அதை யாரு பாக்கறது?” என்றார்.

அந்தத் தாளை நான் கிழித்துப் போட்டுவிடவில்லை. அன்றே கொடுத்தேன். வாசித்துக் காட்டி, விளக்கக் கடிதத்தில் நோட்டில் இருப்பதையும் எழுதுங்கள், ஸ்பேனர் எறிந்ததையும் மறைக்காமல் எழுதுங்கள் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவும் உதவினேன். நோட்டைச் சூப்பர்வைசரிடம் காட்டியபோது, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரக்கூட மறந்து நின்றுகொண்டே நான்கு பக்கம் படித்தார். பழைய டிராவலரையே போட்டுவிடலாம் என்று முதலில் சொன்னதும் அவர்தான்.

எறிந்தது எல்லோர் முன்னிலையிலும் நடந்ததால் மன்னிப்பும் எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டும் என்பது மேலாளரின் நிபந்தனையாக இருந்தது. அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. 50 வயதை நெருங்கும் ஒருவரைத் தன் மகன் வயதுப் பையன்களுக்கு முன்னால் தலைகுனிய வைத்தால், அவர் அன்று மன்னிப்புக் கேட்டுவிட்டு அதற்கடுத்த பத்து ஆண்டுகளை அதற்குப் பழி தீர்ப்பதிலேயே கழிப்பார். மன்னிப்பு அலுவலக அறையில், நான்கு சுவருக்குள் கேட்கப்பட்டது. மறுநாள் சூப்பர்வைசர் நேரே பிரேமுக்குப் போய், சைடர்கள் கேட்கும்படியாக, “அண்ணா, பழைய டிராவலரையே மாத்திடலாமா?” என்றார். இவரும் அதே சத்தத்தில் “சரிங்க, மாத்திடலாங்க” என்றார். அந்தச் ‘சரிங்க’ தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. ஸ்பேனர் எறிந்ததற்கான எச்சரிக்கைக் கடிதம் அவருடைய கோப்பில் இருக்கத்தான் இருந்தது. அவர்கள் இருவரும் கடைசிவரை நண்பர்களாகவும் ஆகவில்லை. ஆனால் அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். பணியிடத்தில் கனிவால் நாம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான். நட்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இதிலிருந்து உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். “பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்” என்று நீங்கள் ஒரு விளக்கம்போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கொங்குப் பகுதியில் தன்னைவிடச் சின்னவரையும் ‘வாங்க, போங்க’ என்று விளிக்கிற வழக்கம் இருக்கிறது. அங்கே 53 வயதுக்காரரை 27 வயதுக்காரர் ‘அண்ணா’ இல்லாமல், அதுவும் மற்றவர்கள் எதிரில் கூப்பிடும்போது, அவர் காதில் பெயர் விழுவதற்கு முன் அவமதிப்பு விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற வேலை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அவருக்குக் கேட்காது. ‘அண்ணா’ என்பதால் உங்கள் பதவி ஒரு படியும் இறங்காது. ஆனால் ஒன்று, மேலாளர் வருகிற நாளிலும் அவசர வேலை இருக்கிற நாளிலும் மட்டும் ‘அண்ணா’ போட்டு, மற்ற நாளில் பெயருக்குத் திரும்பினால் அது பெயர் சொல்வதைவிடக் கேடு. தளத்தில் இருப்பவர்கள் அதை ஒரே வாரத்தில் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

எதிராளி திரும்பி வருவதற்கு ஒரு வழியை விட்டுவைப்பதுதான் பிணக்கில் காட்டக்கூடிய கனிவின் உச்சம் என்று நான் நம்புகிறேன். இதற்கு இந்தியத் தொழிலாளர் வரலாற்றிலேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1918-இல் அகமதாபாத் ஆலைகளில், பிளேக் காலத்தில் கொடுத்துவந்த கூடுதல் தொகையை முதலாளிகள் நிறுத்தியபோது, தொழிலாளர்கள் 35 சதவீத உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் 20 சதவீதத்துக்கு மேல் தர மறுத்தார்கள். தொழிலாளர் பக்கம் காந்தியோடு நின்றவர் அனசூயா சாராபாய். முதலாளிகளுக்குத் தலைமை ஏற்றவர் அவருடைய சொந்தத் தம்பி, காந்திக்கும் நண்பரான அம்பாலால் சாராபாய். எதிரெதிரே நின்ற நாட்களிலும் அவர்கள் உறவை அறுத்துக்கொள்ளவில்லை. மார்ச் 15-ஆம் தேதி காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார், மூன்று நாளில் உடன்பாடு வந்தது. அந்த உடன்பாட்டின் வடிவம் விசித்திரமானது: வேலைக்குத் திரும்பும் முதல் நாளுக்கு 35 சதவீதம், இரண்டாம் நாளுக்கு 20 சதவீதம், மூன்றாம் நாள் முதல் நடுவர் தீர்ப்பு வரும்வரை இரண்டுக்கும் நடுவான 27.5 சதவீதம். கணக்காக மட்டும் பார்த்தால் இது ஏதோ விளையாட்டுப் போலத் தோன்றும். தொழிலாளர்களோ 35 கிடைக்காமல் திரும்புவதில்லை என்று சபர்மதிக் கரையில் உறுதிமொழி எடுத்திருந்தார்கள். முதலாளிகளோ 20-ஐத் தாண்டுவதில்லை என்று உறுதியாக நின்றிருந்தார்கள். இரு தரப்பும் சொன்ன சொல் பொய்க்காமல் ஆலைக்குள் நுழைய ஒவ்வொரு நாள் ஒதுக்கினார்கள். பின்னர் நடுவர் தீர்ப்பில் தொழிலாளர்கள் கேட்ட 35 சதவீதமே கிடைத்தது. அடுத்த இரண்டு ஆண்டில், 1920-இல், மஜூர் மகாஜன் என்ற தொழிற்சங்கம் அங்கே உருவானது.

இந்தக் கதையின் இன்னொரு பகுதியையும் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு அரைகுறையாகச் சொன்னவன் ஆவேன். அந்த உண்ணாவிரதம் குறையில்லாதது அன்று என்று காந்தியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முதலாளிகளோடு அவருக்கு நெருங்கிய நட்பு இருந்ததால், அவர் பட்டினி கிடப்பது அவர்கள்மீது நெருக்கடியாகவே விழுந்தது. அன்பும் ஒரு வலுக்கட்டாயமாக மாறலாம் என்பதை அவர் தம்மிடமே கண்டு சொன்னார். நம் அலுவலகங்களில் இது அன்றாடம் நடக்கிறது. “உங்களுக்கு எவ்வளவு செய்திருக்கேன், இதுகூடச் செய்ய மாட்டீங்களா?” என்று கேட்கிற அதிகாரி கனிவானவர் போலத்தான் தெரிவார். கொடுத்த டீயையும் கையெழுத்துப் போட்ட விடுப்பையும் கணக்கு வைத்துத் திருப்பிக் கேட்டால் அது கடன், கனிவு இல்லை.

அதேபோல் மெமோவைக் கனிவுக்கு விரோதமானது என்று நினைக்காதீர்கள். என் அனுபவத்தில் மிகக் கொடுமையாக நடந்துகொண்டவர்கள் மெமோ கொடுத்தவர்கள் அல்லர். ஓராண்டு முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டே, குறைகளைத் தேதி போட்டு மேசை இழுப்பறைக்குள் எழுதிச் சேர்த்துவைத்து, பதவி உயர்வு நேரத்தில் மொத்தமாக எடுத்து வைத்தவர்கள்தான். எது சரியில்லை என்பதை அது நடந்த வாரத்திலேயே, திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும்போதே சொல்லிவிடுவதைவிடப் பெரிய கனிவு வேலை செய்யுமிடத்தில் கிடையாது. அப்படிச் சொல்லும்போது ஆளைப் பற்றிப் பேசாமல் நடந்ததைப் பற்றிப் பேசுங்கள். “நீங்க எப்பவுமே இழுக்கறீங்க” என்றால் அவர் தன் முப்பது வருட உழைப்புக்காக வாதாட ஆரம்பிப்பார். “செவ்வாய்க்கிழமை பதினாறாம் பிரேம் மூணு மணி நேரம் நின்னுதுங்ணா, எதனால?” என்று கேட்டால் அவர் பதினாறாம் பிரேமைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். ஒருவேளை உதிரிப்பாகம் ஸ்டோரிலிருந்து வரவே இரண்டு மணி நேரம் ஆகியிருக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வியை நீங்கள் இதுவரை அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கே, எப்போது பேசுகிறீர்கள் என்பதும் சின்ன விஷயமல்ல. உங்கள் அறைக்கு வரவழைத்தால் அவர் நிற்க வேண்டும், நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டாவது நாற்காலி இருந்தாலும் அவர் உட்கார மாட்டார். நீங்கள் அவர் இடத்துக்குப் போங்கள். ரிங் பிரேம் இரைச்சலில் எதையும் சத்தம் போட்டுத்தான் சொல்ல முடியும், சத்தம் போட்டுச் சொன்ன எதுவும் கோபமாகவே கேட்கும் என்பதால், பேச்சை மட்டும் வெளி வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில் தொடங்காதீர்கள், ஆலை பஸ் கிளம்பிவிடும் என்ற பதற்றத்தில் யாரும் மனம் திறப்பதில்லை.

கனிவைக் கையில் எடுக்கவே கூடாத இடங்களும் உண்டு, அதைச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நூலைக் கூம்புகளில் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண், மேஸ்திரி ஒருவர் உரசிக்கொண்டு நிற்கிறார், அசிங்கமாகப் பேசுகிறார் என்று என்னிடம் வந்து சொன்னார். நான் அந்த மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தன்மையாகக் கண்டித்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் “பெரிசு பண்ணாதம்மா, இனிமே இருக்காது” என்றேன். ஒரு வாரத்தில் அவர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மீதிச் சம்பளத்தை அவருடைய அப்பா டைம் ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார். நான் காட்டிய கனிவு முழுவதும் மேஸ்திரிக்குப் போய்ச் சேர்ந்தது, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 2013-இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், பாதிக்கப்பட்ட பெண் தானே கேட்டுக்கொண்டால் ஒழிய சமரசப் பேச்சுக்கு இடமில்லை, பணம் கொடுத்து முடிப்பதைச் சமரசத்தின் அடிப்படையாக வைக்கவும் கூடாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், இயந்திரத்தின் பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வதும் இதே வகைதான். இவை பிணக்குகளே அல்ல, குற்றங்கள். உங்கள் ஃபிட்டர் உங்கள் பேச்சைத் தட்டுவது இந்த வகையில் சேராது என்பதால்தான் கனிவைப் பற்றி இவ்வளவு தூரம் பேசுகிறேன்.

இதெல்லாம் தனிமனிதரின் நல்ல மனதைப் பொறுத்தது என்று உங்கள் மேலாளர் சொல்லக்கூடும். 2025 வரை நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவை அவருக்கு நினைவுபடுத்துங்கள். 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்க வகைசெய்த அந்தப் பிரிவு, நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே இணக்கத்தையும் நல்லுறவையும் வளர்த்துக் காப்பதை அந்தக் குழுவின் கடமையாகவே எழுதிவைத்தது. தகராறுகளுக்கென்றே இயற்றப்பட்ட சட்டம் இணக்கத்தைத்தான் முதலில் பேசியது. பல ஆலைகளில் அந்தக் கமிட்டி கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசுவதோடு நின்றுபோனது என்பது வேறு வருத்தம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். மெமோவை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள், காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள். அந்த ஒரு மாதத்தில் வேலை நேரக் கெடுவை ஒரு நிமிடம்கூடத் தளர்த்தாதீர்கள், கெடு தவறினால் அன்றே, தனியாக, காரணம் கேளுங்கள். அதன் பிறகும் மெமோதான் வழி என்றால், பியூனிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய், தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கொடுங்கள்.

அதற்கு முன்னால், வருகிற திங்கட்கிழமை, முதல் ஷிப்ட் சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்பே அவரிடம் போங்கள். இந்த வாரம் எந்தப் பிரேமை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பாக்கெட் நோட்டை வெளியே எடுங்கள், அவர் சொல்வதை அவர் பார்க்க எழுதிக்கொள்ள வேண்டும். “எனக்கென்ன தெரியும், நீங்கதான இன்ஜினியர்” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும், எட்டு மாதக் கோபம் ஒரு காலையில் தீராது. அப்படித் திருப்பிக்கொண்டால், “சரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், புதன்கிழமை மறுபடியும் போய் அதையே கேளுங்கள்.